சீஓ-3 புல்லுக்கு சிங்க் கொடுப்பது எப்படி

வத்தளை, கொலன்னாவைப் பக்கம் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் பலருக்கு இது நடக்கிறது: மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் கலப்பின நேப்பியர் புல்லான சீஓ-3 ஆள் உயரத்துக்கு வளர்கிறது, மாடும் வயிறு நிறையத் தின்கிறது, ஆனால் சினை பிடிக்கவில்லை, குளம்பு வெடிக்கிறது, சின்னக் காயம்கூட ஆற நாளாகிறது. இப்படி இருந்தால் சிங்க் (துத்தநாகம்) என்ற தாதுச்சத்து குறைவாக இருக்கலாம். கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது, அது மண்ணில் உள்ளதைக் கழுவிக்கொண்டு போய்விடும். நம்முடைய கபூக் (செம்பூரான் கல்) மண்ணில் இரும்புக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை, சிங்க்தான் இல்லாமல் போகிறது. கறவை மாட்டுக்கு ஒரு கிலோ உலர் தீவனத்தில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் சிங்க் வேண்டும்.

மண்ணுக்குப் போடுவதானால் 20 பேர்ச்சுக்கு (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) 1¼ கிலோ சிங்க் சல்பேற் போதும். காய்ந்த சாணி எருவோடு கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது வேர்ப்பக்கம் தூவிக் கொத்திவிடுங்கள், அடைமழைக்கு முந்தின நாள் வேண்டாம். ரீஎஸ்பி என்ற பொஸ்பரஸ் உரத்தோடு சேர்த்துப் போடவே கூடாது, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு புல்லுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

இலையில் தெளிப்பதுதான் வேகமான வழி, மழை ஊரில் எனக்கு இதில்தான் நம்பிக்கை. 16 லீற்றர் தாங்கிக்கு 80 கிராம் சிங்க் சல்பேற், 40 கிராம் நீறிய சுண்ணாம்புத் தூள். இரண்டையும் வேறு வேறு வாளியில் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிய பிறகுதான் ஒன்றாக ஊற்ற வேண்டும். சுண்ணாம்பு சேர்க்காமல் அடித்தால் இலை நுனி கருகும். புல் வெட்டி 20, 25 நாளில், மழை இல்லாத பின்னேரத்தில் அடியுங்கள். முதலில் ஒரு மூலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள், கருகாவிட்டால் மற்றதற்கும் அடிக்கலாம். தெளித்து இரண்டு கிழமை கழியாமல் மாட்டுக்குப் போடாதீர்கள். முந்தின வெட்டிலிருந்து 45 நாளில் வெட்டிவிடுங்கள், முற்றவிட்டால் தண்டுதான் பெருக்கும், நீங்கள் ஏற்றிய சத்தின் செறிவும் குறையும்.

செம்பு, செலினியம் இரண்டையும் தயவுசெய்து நீங்களாகத் தெளிக்க வேண்டாம். கறுப்பு மாட்டின் மயிர் செம்பட்டையாக மாறினால் செம்புக் குறைவாக இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பக்கத்தில் செம்மறி ஆடு இருந்தால் இன்னும் கவனம், மாடு தாங்கும் செம்பை அது தாங்காது. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு.

பெருந்தெரு ஓரத்தில் அறுத்த புல்லை இந்த வழியால் நல்லதாக்க முடியாது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றாலும் மண்ணில் படிந்த ஈயம் போய்விடாது. உப்புக்கட்டியையும் நிறுத்தாதீர்கள், சோடியமும் அயடினும் அதிலிருந்துதான் வர வேண்டும். தெளித்து முடிந்ததும் தாங்கியைக் கழுவிய தண்ணீரை மாடு குடிக்கும் தொட்டிப் பக்கம் ஊற்றாமல் புல்லுக்கே ஊற்றிவிடுங்கள்.