ஐஐஎம் கிடைக்குமா? வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

தங்கை கேட் (CAT) தேர்வுக்கு, அதாவது ஐஐஎம் எனும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாரான நாளிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான்: "இவளுக்கு ஐஐஎம் கிடைக்குமா?" எங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில். கடைசியில் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே முறையை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு கூகுள் ஷீட். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி சதவீதம், வேலை அனுபவம் எத்தனை மாதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, அவ்வளவுதான். எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணித்துச் சொல்லும் ஆன்லைன் 'பிரெடிக்டர்' எதையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் சேர்க்கை விதிமுறையைத் தன் தளத்திலேயே போடுகிறது. அந்த பிடிஎஃப்பை விடச் சிறந்த கருவி இல்லை.

அடுத்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி வரிசை. பெங்களூர் ஐஐஎம் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண்ணை அப்படியே எடுக்காது; அதே போர்டில் படித்து விண்ணப்பித்தவர்களின் 90-ஆவது பெர்சென்டைல் மதிப்பெண்ணால் (நூற்றில் தொண்ணூறு பேரை முந்தும் மதிப்பெண்) வகுக்கும். நீங்கள் 90 சதவீதம், அந்த அளவுகோல் 95 என்றால் உங்களுக்கு 0.947. அதனால் சிபிஎஸ்இ படித்த சித்தப்பா பையனோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

அறிவிப்பில் இருக்கும் குறைந்தபட்ச கட்-ஆஃப் வெறும் வாசல்படி. நேர்காணலுக்கு அழைப்பு வர அதைவிட நிறைய வேண்டும். 2 லட்சம் பேர் எழுதினால், 99 பெர்சென்டைல் எடுத்தவருக்கு முன்னால் ஏறக்குறைய 2,000 பேர் நிற்கிறார்கள். தேர்வின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி கட்-ஆஃப் உண்டு. ஒன்றில் சறுக்கினாலும் மொத்த மதிப்பெண் காப்பாற்றாது.

இப்போது நாங்கள் தடுக்கி விழுந்த இடம். எங்களிடம் மாநில அரசின் பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழ் இருந்தது. ஷீட்டில் 'ஓபிசி' (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) என்று போட்டு, 27 சதவீத ஒதுக்கீட்டை நம்பியே கணக்கை முடித்திருந்தேன். செப்டம்பரில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது, மத்திய அரசு படிவத்தில் 'நான்-க்ரீமி லேயர்' (வசதி வரம்பைத் தாண்டாதவர்) ஓபிசி சான்றிதழ் வேண்டும் என்று. இ-சேவை மையத்தில் இருந்த அக்கா எங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டேட்டுக்கு மட்டும்தான் தம்பி, சென்ட்ரலுக்கு வேற போடணும்" என்றார். விஏஓ, ஆர்ஐ என்று அலைந்து, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் கையில் வந்தது. பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற முடியாது. அந்த இரண்டு வாரம் அம்மா சரியாகத் தூங்கவில்லை.

அதனால் ஜூன் மாதமே இதைச் செய்யுங்கள்: உங்கள் சாதியின் பெயர் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரும் அதில் இல்லை. இல்லையென்றால் ஓபிசி கட்-ஆஃபை வைத்துக் கணக்குப் போட முடியாது. அப்புறம் வருமானம். நான்-க்ரீமி லேயருக்கு வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அவர்கள் அரசு வேலையில் இருந்தால் எந்தப் பதவி என்று தனியாகப் பார்ப்பார்கள். பல வீடுகளில் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, தகுதி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். மனசு வலிக்கிறது.

பின்சேர்க்கை 1: ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டார், "எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கே, அது விவசாயம்தானே?" இல்லை. மத்திய அரசின் 1993 க்ரீமி லேயர் விதிப்படி காப்பி, தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். மாந்தோப்பு அப்படியில்லை, அதற்கு விவசாய நிலம் போலவே பரப்பளவைத்தான் பார்ப்பார்கள். மலைமேல் காப்பி, கீழே மா என்று இரண்டும் வைத்திருப்பவர்கள் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: 2021-இல் பத்தாவது முடித்தவர்களுக்கு நம் மாநில போர்டு சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது, 'தேர்ச்சி' மட்டும்தான். ஒன்பதாவது மதிப்பெண்ணையோ தோராயமான எண்ணையோ போட்டு நிரப்பாதீர்கள். ஷீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கேட் உதவி மையத்துக்கும் நீங்கள் குறிவைக்கும் ஐஐஎம்முக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வரும் பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதன்படி விண்ணப்பத்தை நிரப்புங்கள்.