பால்சா விமானத்திற்குக் கீல் பொருத்தும் முறை

பால்சா மரத்தில் செய்யும் ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தில் மாதக்கணக்கான உழைப்பைத் தாங்கி நிற்பவை, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சில கீல்கள்தான். பறக்கும்போது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க உதவும், கிடைவாலின் பின்னுள்ள அசையும் பலகை) கழன்றால் விமானத்தைக் காப்பாற்ற வழியே இல்லை. ஆகவே இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கி வையுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட, பயிற்சிக்கான உயர் இறக்கை விமானத்தை மனத்தில் வைத்தே இங்கு விளக்குகிறேன்.

இத்தகைய விமானங்களுக்கு சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசையை உறிஞ்சிக்கொள்ளும் மெல்லிய நார்த்தகடுக் கீல்களே போதுமானவை. கீலுக்கான கோட்டை எய்லரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்னுள்ள அசையும் பலகை) முன்விளிம்பிலும் இறக்கையின் பின்விளிம்பிலும் தடிமனின் சரி பாதியில் பென்சிலால் இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு எய்லரானின் முன்விளிம்பை, அந்த நடுக்கோடு அழியாமல், இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் உப்புத்தாளால் தேய்த்துக் கூராக்க வேண்டும். இந்தச் சாய்வு இருந்தால்தான் இரு விளிம்புகளும் நெருங்கி நின்றும் எய்லரான் மேலும் கீழும் தடையின்றித் திரும்பும். மேலுறையை, அதாவது மரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை, ஒட்டும் வேலை இதற்கு அடுத்தது. கீல் ஒட்டுவது அதற்கும் பின்னரே.

முனையிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளி முதல் கீலும், அதன்பின் 10 சென்டிமீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் மற்றவையும் அமையட்டும். ஹார்ன் (எய்லரானைத் திருப்பும் கம்பியை மாட்டும் சிறு கை) வரும் இடத்தருகே கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும். கூரிய கத்தியின் நுனியால், ஒரே மூச்சில் குத்தாமல், சிறிது சிறிதாக ஆழப்படுத்திப் பிளவு இடுங்கள். பிளவின் நடுவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டால், கீல் நுழையும் ஆழம் வரை ஒரு துளை இடுவது மிகவும் பயனுள்ளது. பசை அத்துளை வழியாக உள்ளே ஓடி, கீலின் முழு நீளத்துக்கும் பரவும். துளை இல்லாவிட்டால் வாயருகிலேயே இறுகிவிடக்கூடும்.

கீலின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி, பாதி இறக்கைக்குள்ளும் பாதி எய்லரானுக்குள்ளும் போகும்படி செருகுங்கள். நான் கட்டிய இரண்டாவது விமானத்தில் இந்தக் குண்டூசியைத் தேவையற்றதென்று விட்டுவிட்டேன். எய்லரானை அழுத்திப் பொருத்தியபோது ஒரு கீல் இறக்கைக்குள் நழுவிப் போய், எய்லரான் பக்கத்தில் 3 மில்லிமீட்டர்கூட மிஞ்சவில்லை. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சீராகவே தெரிந்தது. இழுத்துச் சோதித்தபோது அது கையோடு வந்துவிட்டது. சோதிக்காமல் பறக்கவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைத்து அன்றிரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொருத்திய பின் குண்டூசிகளை உருவி, எய்லரானை முழு அளவு மடக்கிப் பார்த்து, தாளின் தடிமன் அளவுக்கே இடைவெளி எஞ்சும்படி நெருக்குங்கள். இடைவெளி அகலமானால் திருப்பும் விசை குறைவதோடு, வேகத்தில் எய்லரான் படபடத்து உடையும் ஆபத்தும் கூடும். மடக்கிய நிலையிலேயே, தண்ணீர் போன்ற மெல்லிய பசையை ஒவ்வொரு கீலுக்கும் ஐந்தாறு சொட்டு, ஒவ்வொரு சொட்டும் உறிஞ்சப்பட்ட பிறகே அடுத்தது என விட்டு, விமானத்தைத் திருப்பி மறுபுறமும் அதையே செய்யுங்கள். பசையை விரைவாக இறுகச் செய்யும் தெளிப்பானை இங்கே பயன்படுத்தவே கூடாது. பசை உள்ளே இறங்குமுன் மேலேயே கட்டிவிடும். சன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு வேலை செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு கீலையும் இரு கைகளாலும் உறுதியாக இழுத்துப் பாருங்கள்.

வால் பகுதியை ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையின்றி ஒருமுறை அடுக்கிப் பார்ப்பது அவசியம். பல விமானங்களில் எலிவேட்டரின் இரு பாதிகளையும் இணைக்கும் கம்பி செங்குத்து வாலின் அடியில் செல்வதால், வரிசை தவறினால் அதை நுழைக்க இடமிருக்காது. இறக்கையைப் பொருத்திவிட்டுப் பின்னால் நின்று பார்த்து, கிடைவால் அதற்கு இணையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மூக்கின் நடுவில் ஊசி குத்தி நூல் கட்டி, வாலின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் சமமா என அளந்துகொள்ளுங்கள். செங்குத்து வாலுக்கு மூலைமட்டம் போதும்.

பசை பிடிக்க வேண்டிய இடத்தில் மேலுறையை நீக்கக் கத்தியைத் தொடாதீர்கள். சூடான சால்டரிங் அயர்னின் நுனியைக் கோட்டின் மீது மெல்ல ஓட்டினால் உறை மட்டும் உருகிப் பிரியும். கத்தியோ மரத்தையும் கீறிவிடும், வாலும் அந்தக் கீறலிலேயே முறியும். முப்பது நிமிட எப்பாக்ஸி இட்டு, வழிந்ததை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, இறுகும் வரை அளவுகளை மீண்டும் மீண்டும் சரிபாருங்கள்.

ஹார்னின் துளைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முன்பின்னாக இருந்தால் மேல்நோக்கும் கீழ்நோக்கும் திருப்பம் வேறுபடும். எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில், அதாவது 30 சென்டிமீட்டர் அகல இறக்கையில் 7.5 முதல் 10 சென்டிமீட்டருக்குள், அமையட்டும். வரைபடத்தில் குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஈயம் சேர்க்குமுன் பேட்டரியை நகர்த்திப் பாருங்கள். பறக்குமுன் விமானத்தின் பின்னால் நின்று கையிலுள்ள ரேடியோ கருவியின் குச்சியை வலப்புறம் தள்ளுங்கள்: வலது எய்லரான் மேலெழ வேண்டும். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டரும் மேலெழ வேண்டும்.