முதல் வருஷப் புள்ளியியல்: நான் செய்த தவறுகள், இப்போது நீங்கள் செய்கிறவை

வாரத்தில் ஐந்து நாள் நாகர்கோவிலில் ரயிலேறி திருவனந்தபுரம் போய், அடுத்தவர்களுடைய தரவைத் துடைத்துச் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு மாடியில் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் பி.எஸ்சி. புள்ளியியல் முதல் வருஷம். நான் பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்கள் கணக்குப் போடுவார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன்.

போன வாரம் முட்டம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை ஒரு அசைன்மென்ட்டைக் காட்டினாள். வகுப்பில் எல்லாரிடமும் "உங்கள் வீட்டில் உன்னையும் சேர்த்துப் பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டு, அட்டவணை போட்டு, சராசரி எடுத்து, கீழே அழகாகக் கோடிட்டு எழுதியிருந்தாள்: "ஆகவே நம் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 2.3 பிள்ளைகள்." கூட்டல் சரி, வகுத்தல் சரி, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு மட்டும் எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. அவள் மேல் இல்லை. இருபது வயதில் இதே கணக்கைப் போட்டு, ஊர்க்காசைக் கரியாக்கியவள் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டல் பிழை, அலகு எழுத மறந்தது, வர்க்கமூலம் எடுக்காமல் விட்டது எல்லாம் இதில் வராது. அவற்றை உங்கள் பேராசிரியரே சிவப்பு மையில் சுழித்துவிடுவார். கணக்குச் சரியாக வந்தும் விடை தப்பாகப் போகிற இடங்கள்தான் எனக்கு முக்கியம்.

ஒன்றையொன்று விலக்குவதும், ஒன்றையொன்று சாராததும்

நிகழ்தகவு தொடங்கியதும் முதலில் சறுக்குகிற இடம் இது. "ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே அக்கா, அப்போ சாரா நிகழ்ச்சிதானே?" என்று கேட்பார்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் இப்போது திருவனந்தபுரம் வண்டியிலும் ஏறலாம், திருநெல்வேலி வண்டியிலும் ஏறலாம், இரண்டிலும் ஒருசேர ஏற முடியாது. இது விலக்கும் நிகழ்ச்சி. திருவனந்தபுரம் வண்டியில் ஏறிவிட்டார் என்று தெரிந்த நிமிஷமே மற்றதன் நிகழ்தகவு பூஜ்யம் ஆகிவிடுகிறது. ஒன்று தெரிந்தால் மற்றது இந்த அளவுக்கு மாறுகிறதே, இதற்கு மேல் என்ன சார்பு வேண்டும்? இரண்டு நிகழ்ச்சிக்கும் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்தால், விலக்குகிறவை ஒருநாளும் சாராதவை ஆகாது. சாராமைக்கு, ஒன்று நடந்தது தெரிந்தும் மற்றதன் வாய்ப்பு அசையாமல் நிற்க வேண்டும்.

பிள்ளையிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குச் சராசரி சொல்வது

இப்போது என் கதை.

நான் டிகிரி முடித்த கோடையில், கடற்கரை ஊர் ஒன்றில் இளைஞர்கள் சேர்ந்து பள்ளி திறக்குமுன் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதாக ஏற்பாடு. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீடு எத்தனை என்ற பட்டியல் அவர்களிடம் இருந்தது. பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. "நீ ஸ்டேட்டிஸ்டிக்ஸ் படிச்ச பிள்ளைதானே, கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லேன்" என்றார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் டியூஷன் நடக்கிற இடத்துக்குப் போய், அங்கிருந்த பிள்ளைகளிடமெல்லாம் "உன் வீட்டில் உன்னையும் சேர்த்துப் பள்ளிக்குப் போகிறவர் எத்தனை பேர்?" என்று கேட்டேன். சராசரி எடுத்தேன், வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கினேன், ஆளுக்கு ஆறு நோட்டு என்று மறுபடி பெருக்கினேன். அந்த எண்ணை அப்படியே அச்சகத்தில் கொடுத்தார்கள்.

கொடுத்து முடித்தபின் மேடைக்குப் பின்னால் கட்டுக்கட்டாக மிச்சம். அட்டையில் அந்த இளைஞர் மன்றத்தின் பெயரும் வருஷமும் அச்சடித்திருந்ததால் அச்சகக்காரர் திரும்ப எடுக்கவில்லை. "பிள்ளைகள் வராம போயிருப்பாங்க" என்று அவர்களே எனக்குச் சமாதானம் சொன்னார்கள். எல்லாரும் வந்திருந்தார்கள். என் சராசரிதான் ஊரைவிடப் பெரிதாக இருந்தது.

எண்ணைச் சின்னதாக்கிக் காட்டுகிறேன், கூடவே போட்டுப் பாருங்கள். பத்து வீடு. நாலு வீட்டில் ஒரு பிள்ளை, நாலு வீட்டில் இரண்டு, இரண்டு வீட்டில் மூன்று. மொத்தம் 4 + 8 + 6, அதாவது 18 பிள்ளைகள். வீட்டுக்குச் சராசரி 1.8.

இனி வீட்டுக் கதவைத் தட்டாமல் அந்த 18 பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திக் கேளுங்கள். நாலு பேர் "ஒன்று" என்பார்கள். எட்டுப் பேர் "இரண்டு" என்பார்கள். ஆறு பேர் "மூன்று" என்பார்கள். கூட்டினால் 4 + 16 + 18 = 38. பதினெட்டால் வகுத்தால் 2.11. ஒரு பிள்ளைகூடப் பொய் சொல்லவில்லை, ஒரு கூட்டலும் தப்பில்லை. ஆனால் மூன்று பிள்ளை உள்ள வீடு மூன்று தடவை வாய் திறந்தது, ஒற்றைப் பிள்ளை வீடு ஒரே தடவை. 600 வீடு என்று வையுங்கள்: 1.8 என்றால் 1,080 பிள்ளைகள், 2.11 என்றால் 1,266. இல்லாத 186 பேருக்கு ஆளுக்கு ஆறு நோட்டு அச்சாகும்.

முட்டம் பிள்ளையின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பிள்ளையே இல்லாத வீடு கல்லூரி வகுப்புக்குள் வரவே வராது. அவள் அட்டவணையில் பூஜ்யத்துக்கு வரிசையே இல்லாததை அவள் கவனிக்கவில்லை.

பேருந்திலும் இதே கதைதான். ஒரு வண்டியில் 60 பேர், பின்னால் வருகிற வண்டியில் 20 பேர். நடத்துனர்களைக் கேட்டால் வண்டிக்கு 40. பயணிகள் எண்பது பேரைக் கேட்டால் சராசரி 50 வரும், ஏனென்றால் நெரிசலில் தொங்குகிறவர்கள்தான் அதிகம் பேர். "மார்த்தாண்டம் வண்டி எப்பவும் கூட்டம்தான்" என்று நாம் சொல்வதும், "பாதி டிரிப் காலியாத்தான் ஓடுது" என்று நடத்துனர்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பரம்பரையாக வரும் குறைபாடுகளைக் கணக்கிடும்போது குடும்பங்களை எந்த வழியில் கண்டெடுக்கிறோம் என்பதே விடையை மாற்றுகிறது என்று 1934-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஃபிஷர் எழுதினார். அதை 1965-இல் எடையிட்ட பரவல் (சில வகை அதிகத் தடவை கண்ணில் படுவதைக் கணக்கில் எடுப்பது) என்ற பொதுக் கோட்பாடாக விரித்தவர் நம் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ். பிறகு மாணவர்களிடம் அண்ணன் தம்பி எத்தனை, அக்கா தங்கை எத்தனை என்று கேட்டுச் சேர்த்த தரவை வைத்தே 1977-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். நான் டியூஷன் சென்டரில் கேட்ட அதே கேள்வி. அவருக்கு அது கட்டுரை, எனக்கு மிச்ச நோட்டு.

சரி, பிள்ளைகளிடம்தான் கேட்க முடியும், வீடு வீடாகப் போக வழியில்லை என்றால்? இதற்கு மருந்து உங்கள் முதல் யூனிட்டிலேயே இருக்கிறது, நீங்கள் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்து மறக்கிற இசைச் சராசரி. வகுப்பில் ஹார்மோனிக் மீன் என்பீர்கள். நான் சத்தமாகப் படித்த காலத்தில் எங்கள் ஆச்சி அடுக்களையிலிருந்து "அது என்ன மீன் மக்ளே, சாளையா அயிலையா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போகும்போது 40 கிலோமீட்டர் வேகம், வரும்போது 60, சராசரி 48 என்கிற ஒரே கணக்கோடு புத்தகங்கள் அதை மூடிவைத்துவிடுகின்றன.

எண்களைத் தலைகீழாக்கிக் கூட்டி, எத்தனை எண் என்பதை அந்தக் கூட்டுத்தொகையால் வகுப்பதுதான் இசைச் சராசரி. அந்தப் பதினெட்டுப் பதிலையும் தலைகீழாக்குங்கள். ஒன்று சொன்ன நாலு பேருக்கு ஒவ்வொன்று, மொத்தம் 4. இரண்டு சொன்ன எட்டுப் பேருக்கு அரை அரையாக 4. மூன்று சொன்ன ஆறு பேருக்கு மூன்றில் ஒன்றாக 2. கூட்டினால் 10. பதினெட்டைப் பத்தால் வகுத்தால் 1.8. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: அதுதான் வீடுகளின் எண்ணிக்கை. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு என்பதால் ஒவ்வொருவரையும் மூன்றில் ஒரு வீடாக எண்ணியிருக்கிறோம். பிள்ளையே இல்லாத வீட்டை இதுவும் மீட்டுத் தராது. என் நோட்டுக் கணக்குக்கு அது தேவைப்பட்டிருக்கவும் இல்லை.

அதனால் என் மாடியில் ஒரு சட்டம் உண்டு. அட்டவணையைத் தொடுமுன் நோட்டின் மேல் ஓரத்தில் "ஒரு வரி என்பது ஒரு ____" என்று எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். பிள்ளையா, வீடா, பயணியா, வண்டியா. பிறகு கேள்வி எதைப் பற்றியது என்று அடுத்த வரியில். இரண்டும் வேறானால் கால்குலேட்டரைக் கையில் எடுக்க விடமாட்டேன். போன வாரம் ஒருவன் "இதையெல்லாம் பரீட்சையில் கேட்கமாட்டாங்களே அக்கா" என்றான். கேட்கமாட்டார்கள்தான்.

சதவீதம் எதன்மேல் என்று பாராமல் பெருக்குவது

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். இரண்டையும் பெருக்கி "எழுத்தறிவு பெற்றவர்கள் 17 லட்சத்து 16 ஆயிரம்" என்று எழுதாத முதல் வருஷ மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தச் சதவீதம் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்மேல் எடுத்தது. கைக்குழந்தைகளையும் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்ததில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கூடிவிடுகிறார்கள். பெருமை பேசும்போதும் வகுத்தியைப் பாருங்கள்.

தொடர்புப்போக்குக் கோட்டை (ரெக்ரஷன் லைன்) திருப்பிப் போடுவது

அப்பா உயரத்தைக் கொண்டு மகன் உயரத்தைக் கணிக்கும் சமன்பாடு கொடுத்திருப்பார்கள். மகன் உயரம் தந்து அப்பா உயரம் கேட்டால், பள்ளி இயற்கணிதப் பழக்கத்தில் அதே சமன்பாட்டை மாற்றி எழுதிவிடுவீர்கள். இரண்டு பக்கத்துக்கும் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சமம், ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற எண், கோரிலேஷன்) 0.5 என்று வையுங்கள். சராசரியைவிட 10 செ.மீ. உயர்ந்த அப்பாவின் மகனை 5 செ.மீ. உயர்ந்தவனாகக் கணிக்கிறோம். திருப்பிப் போட்டால் 5 செ.மீ. உயர்ந்த மகனின் அப்பா 10 செ.மீ. உயர்ந்தவர் என்று வரும். சரியான கணிப்பு 2.5 செ.மீ. ஏன் இரண்டு கோடு என்று தேர்வில் கேட்பது இதற்காகத்தான். கெழு 1 அல்லது -1 ஆனால் மட்டும் இரண்டும் ஒரே கோடு.

உயரம் இப்படிச் சராசரிப் பக்கம் திரும்புவதை ஆங்கிலேய அறிவியலாளர் கால்டன் 1886-இல் காட்டியது 205 பெற்றோர் இணைகளின் 928 வளர்ந்த பிள்ளைகளை வைத்து. அவருடைய அட்டவணையில் ஒரு வரி என்பது என்ன? வீடா, பிள்ளையா? நீங்களே நிரப்புங்கள்.

படம் வரையாமல் ஒட்டுறவுக் கெழு

1973-இல் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் கொடுத்த நாலு தரவுத் தொகுப்புக்கும் ஒரே சராசரி, ஒரே கோடு, ஒரே கெழு, 0.816. வரைந்தால் நாலும் நாலு திசை. வரையுங்கள்.

மழைக்கு ஒரே சராசரி

நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு முகடு. நடுவில் நிற்கிற மாதச் சராசரி எந்த மாதத்தையும் காட்டாது.

கால்குலேட்டரில் இரண்டு திட்ட விலக்கம்

மொத்த எண்ணிக்கையால் வகுப்பது ஒரு பொத்தான், ஒன்று குறைத்து வகுப்பது இன்னொன்று. கையில் இருப்பது முழுத்தொகுதியா மாதிரியா என்று தெரியாமல் எதையும் அமுக்காதீர்கள்.

ரெக்கார்டு நோட்டு

கடைசி ராத்திரி எழுதாதீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன், மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.