பில்ட்ரூட் இமேஜுக்குள்ளயே பெர்ஃப், சைக்ளிக்டெஸ்ட், செல்ஃப்டெஸ்ட் போட்டுக்குறது எப்படி

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில, கொழுந்து வாட்டுற மாடியில ராஸ்பெரி பை 3ன்னு சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்னு வச்சிருக்கேன், அதுல ஓடுற லினக்ஸ் இமேஜ பில்ட்ரூட்டுங்குற டூல்ல நானே பில்ட் பண்ணது. டிஎச்டி22 சென்சர்ல இருந்து ஈரப்பதமும் வெப்பமும் எடுத்து எழுதி வைக்கணும், அவ்வளவுதான் வேலை. ஆனா நடுநடுவுல ரீடிங் விழாம போயிரும், டீமேக்கர் ஐயா நோட்டுல அந்த நேரத்துக்கெல்லாம் ஒரு கோடு போட்டு வச்சுட்டு "தம்பி, ஒங்க பெட்டி மறுபடி தூங்கிருச்சு"ன்னுவாரு. நான் எஸ்டி கார்டுதான்னு நெனச்சு ரெண்டு கார்டு மாத்துனேன், காசுதான் போச்சு. அளந்து பாக்காம குத்தம் சொன்னா இப்படித்தான் ஆகும்.

அளக்குறதுக்கு டூல்ஸ் வேணும்: சிபியு நேரம் எந்த ப்ரோக்ராமுக்கு போகுதுன்னு காட்ட பெர்ஃப், கெர்னல் ஒரு ப்ரோக்ராம எவ்வளவு தாமதமா எழுப்புதுன்னு அளக்க சைக்ளிக்டெஸ்ட், கெர்னல் சரியா வேலை செய்யுதான்னு பாக்க அதோட சொந்த டெஸ்ட்டான செல்ஃப்டெஸ்ட்ஸ். வேற எங்கயோ பில்ட் பண்ண பெர்ஃப் பைனரிய தூக்கி போர்டுல போடாதீங்க, லைப்ரரி இல்லன்னு ஒன்னொன்னா அழுவும். பில்ட்ரூட் நீங்க எடுத்துருக்க கெர்னல் சோர்ஸ்ல இருந்தே பெர்ஃப பில்ட் பண்ணித் தரும். அதனாலதான் அது டார்கெட் பேக்கேஜஸ்ல இல்லாம கெர்னல் மெனுவுக்குள்ள, லினக்ஸ் கெர்னல் டூல்ஸ்ங்குற எடத்துல இருக்கு. மேக் மெனுகான்ஃபிக் (பில்ட்ரூட்டோட செட்டிங் மெனு) அடிச்சு அங்க போயி பெர்ஃப்ப டிக் பண்ணுங்க, கீழ டியூஐன்னு ஒன்னு (டெர்மினல்லயே மெனு மாதிரி காட்டுறது) வந்தா அதையும் போட்டுருங்க, ரிப்போர்ட் பாக்க வசதியா இருக்கும்.

அதே எடத்துல செல்ஃப்டெஸ்ட்ஸ் இருக்கணும். எனக்கு அந்த வரியே வரல, அரை நாளு தேடுனேன். அது பாஷ்ங்குற ஷெல்ல கேக்குது, பாஷ் வரணும்னா டார்கெட் பேக்கேஜஸ்ல பிஸிபாக்ஸுக்கு (லினக்ஸ் கமாண்ட் பலதையும் ஒரே சின்ன ப்ரோக்ராமா தர்றது) கீழ "பிஸிபாக்ஸ்லயும் இருக்குற பேக்கேஜ காட்டு"ங்குற ஆப்ஷன மொதல்ல ஆன் பண்ணணும். ஆர்டி-டெஸ்ட்ஸ், போர்டுக்கு வேணும்னே லோட் ஏத்துற ஸ்ட்ரெஸ்-என்ஜி ரெண்டும் டீபக்கிங், ப்ரொஃபைலிங், பெஞ்ச்மார்க் மெனுவுல கெடக்கு. சைக்ளிக்டெஸ்ட் ஆர்டி-டெஸ்ட்ஸ் கூடவே வந்துரும்.

கெர்னல் ஆப்ஷன மேக் லினக்ஸ்-மெனுகான்ஃபிக்ல மாத்திட்டு சும்மா விட்டுறாதீங்க, அது அவுட்புட் ஃபோல்டருக்குள்ளதான் இருக்கும், மேக் கிளீன் அடிச்சா போச்சு. தனியா ஒரு ஃப்ராக்மென்ட் பைல்ல (மாத்த வேண்டிய கெர்னல் ஆப்ஷன் மட்டும் இருக்குற பைல்) பெர்ஃப் ஈவென்ட்ஸ், எஃப்ட்ரேஸ் (கெர்னலுக்குள்ள என்ன ஓடுதுன்னு பதியுறது), ஃபங்ஷன் ட்ரேசர் மூனையும் எழுதி, கெர்னல் மெனுவுல அடிஷனல் ஃப்ராக்மென்ட்னு கேக்குற எடத்துல அந்த பைலோட பாத்த குடுங்க. செல்ஃப்டெஸ்ட் ஒவ்வொன்னுக்கும் என்ன ஆப்ஷன் வேணும்னு கெர்னல் சோர்ஸ்ல அதது ஃபோல்டருக்குள்ளயே கான்ஃபிக்னு ஒரு பைல் இருக்கும். அத சேக்கலன்னா பாதி டெஸ்ட் ஸ்கிப்னுதான் வரும்.

எங்க ஊருக்காரவுங்களுக்கு ஒரு விஷயம். மழை விழுந்தா லைன் போயிரும், பகல் டேட்டாவும் கட்டுப்படியாகாது, அதனால நைட் டேட்டா தொடங்குனதும் மேக் சோர்ஸ் அடிச்சுட்டு படுங்க, வேண்டிய டவுன்லோட் எல்லாம் எறங்கிரும், பில்ட்ட காலையில ஓட்டலாம். டவுன்லோட் சேருற அந்த டிஎல் ஃபோல்டர பில்ட்ரூட்டுக்கு வெளிய வச்சுக்குங்க. உள்ள இருந்தா மேக் டிஸ்ட்கிளீன் அதையும் சேத்து தொடச்சுரும், ஒருக்கா அப்படி தொடச்சுட்டு தலையில கை வச்சு ஒக்காந்தேன்.

கடைசியில இமேஜ் உண்டாக்குறப்போ எடம் பத்தலன்னு நின்னுரும். எங்க டிஃப்கான்ஃபிக்ல (போர்டுக்கான செட்டிங் பைல்) ரூட்எஃப்எஸ், அதாவது சிஸ்டம் பைல் எல்லாம் இருக்குற பகுதியோட அளவு 120எம்னு இருந்துச்சு, ஃபைல்சிஸ்டம் இமேஜஸ் மெனுவுல 512எம் ஆக்குனேன். இன்னொன்னு, பில்ட்ரூட் பைனரிய எல்லாம் ஸ்ட்ரிப் பண்ணிரும் (உள்ள இருக்குற ஃபங்ஷன் பேர எல்லாம் நீக்கிரும்), அப்புறம் பெர்ஃப்ல ஒங்க ஃபங்ஷன் பேருக்கு பதிலா வெறும் ஹெக்ஸ் நம்பர்தான் தெரியும். பில்ட் ஆப்ஷன்ஸ்ல ஸ்ட்ரிப் பண்ண வேணாங்குற லிஸ்ட்ல ஒங்க ப்ரோக்ராம் பேர மட்டும் போட்டா போதும்.

போர்டு பூட் ஆனதும் யூஎஸ்ஆர், லிப், கேசெல்ஃப்டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்கு போயி ரன் ஸ்கிரிப்ட்ட மைனஸ் எல் போட்டு லிஸ்ட் பாருங்க, மைனஸ் சி டைமர்ஸ்னு குடுத்தா டைமர் டெஸ்ட் மட்டும் ஓடும். மொத்தத்தையும் ஒரே மூச்சா ஓட்டாதீங்க, எங்கயாச்சும் தொங்கிரும்.

முக்கியமானது சைக்ளிக்டெஸ்ட்தான். ஸ்ட்ரெஸ்-என்ஜிய நாலு கோர்லயும் பின்னால ஓட விட்டுட்டு, சைக்ளிக்டெஸ்ட்டுக்கு மைனஸ் எம், மைனஸ் பி 90, மைனஸ் டி 10எம் (பெரிய டி, பத்து நிமிஷம்) குடுத்து மேக்ஸ்ங்குற எண்ண (அதிகபட்ச தாமதம், மைக்ரோசெகண்ட்ல) பாருங்க. லோட் இல்லாம ஓட்டுனா நல்ல நம்பரா வந்து ஏமாத்திரும். டிஎச்டி22 அனுப்புற 40 பிட்ல பூஜ்யத்துக்கு 26-28 மைக்ரோசெகண்ட், ஒன்னுக்கு 70 மைக்ரோசெகண்ட், இவ்வளவுதான் வித்தியாசம். மேக்ஸ் அத தாண்டி எங்கயோ நின்னுச்சு. பெர்ஃப் டாப் போட்டா உச்சியில என் ப்ரோக்ராம்தான், சென்சர் மாட்டிருக்க ஜிபிஐஓ பின்ன சுத்தி சுத்தி படிச்சுக்கிட்டே இருந்துருக்கு, நடுவுல கெர்னல் வேற வேலைக்கு போனா பிட் தப்பிரும். கார்டு மேல ஒரு குத்தமும் இல்ல.

என் லூப்ப தூக்கிட்டு கெர்னல்லயே இருக்குற டிஎச்டி11 ட்ரைவர போட்டேன், பேருதான் 11, 22க்கும் அதேதான், பின் மாறுறப்பல்லாம் வர்ற இன்டரப்ட்ல நேரம் குறிச்சுக்கும். ராஸ்பெரி பையில கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்ல அந்த ட்ரைவருக்கான ஓவர்லேயும் (எந்த சென்சர் மாட்டிருக்குன்னு கெர்னலுக்கு சொல்றது) பின் நம்பரும் ஒரு வரிதான். பெக்டரிக்கு போற இமேஜ்ல இந்த டூல்ஸ் எதுவும் வேணாம், மேக் சேவ்டிஃப்கான்ஃபிக்ல தனித்தனியா ரெண்டு பைலா வச்சிருக்கேன், ஒன்னு மேசைக்கு, ஒன்னு மாடிக்கு.