சதகுப்பையைப் பெயர்த்து நட வேண்டாம்

சதகுப்பைக் கீரையின் (dill) விதையை நாற்றுத்தட்டில் முளைக்கவிட்டுப் பிறகு பெயர்த்து நடாமல், செடி கடைசிவரை நிற்கப்போகும் 1 அடி ஆழத் தொட்டியிலேயே நேரடியாகத் தூவிவிடுங்கள். கேரட்டைப் போலவே இதற்கும் நேர்கீழாக இறங்கும் ஆணிவேர் என்பதால், பெயர்க்கும்போது அதன் நுனி அறுந்தால் செடி வாடிவிடும். பிழைத்தாலும் தழைக்காமல் சீக்கிரமே பூவெடுத்துவிடும். முளைப்பதற்கு வெளிச்சமும் உதவுவதால், விதை மறையும் அளவுக்கு மட்டும் மண்ணைச் சலித்துத் தூவிப் பூவாளியால் நனைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் நூலிழை போன்ற முளைகள் தெரியும். அவற்றைப் புல்லென்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். நாட்டு மருந்துக் கடை விதையே மலிவு, ஆனால் நெடுநாள் கிடந்த சரக்கு முளைக்காது என்பதால், முதலில் 10 விதைகளை ஈரத்துணியில் முடிந்து பார்ப்பது நல்லது. மட்கும் காகிதக் குவளையோடு அப்படியே புதைக்கும் நாற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை; சித்திரை, வைகாசி வெயிலிலோ நேரடியாக விதைத்தாலும் கீரை தழைக்காது.