கிண்டில் வாங்குறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

கிண்டில்னா அமேசானோட இ-புக் படிக்கிற கருவி. தண்ணில போடாதீங்க, சார்ஜ் போடுங்க ரக அட்வைஸ் இங்க கிடையாது.

6 இன்ச்ல ஸ்கேன் பிடிஎஃப்

இதப் பாத்தாதான் எனக்கு இன்னமும் கடுப்பாகும். ஆபீஸ்ல ஒரு தம்பி புது கிண்டில காட்டினான், உள்ள பூரா நெட்ல இறக்குன பழைய தமிழ் புக்கு ஸ்கேன். தொறந்தா எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. ரெண்டு விரல வச்சு இழுத்தான், ஸ்கிரீன் ஒருவாட்டி கறுத்து வெளுத்துச்சு, பாதி வரி வெளிய போயிடுச்சு, பக்கவாட்டுல தள்ளினா மறுபடி கறுத்து வெளுக்குது, ஒரு வரி படிக்க இவ்ளோ பாடு. பத்து பக்கம் தாண்ட மாட்டான்னு அப்பவே தெரியும், நானும் அந்த வழியா வந்தவன்தானே.

ஏ4 பேப்பர் அகலம் 21 செ.மீ., 6 இன்ச் ஸ்கிரீன் அகலம் சுமார் 9 செ.மீ. அப்போ 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டா சுருங்கிடும், கி எது கீ எதுன்னே தெரியாது. இபப்ங்கிற இ-புக் ஃபைல்னா எழுத்தப் பெருசாக்கினா வரி தானா மடங்கி கீழ வரும். ஸ்கேன் வெறும் போட்டோ, எங்க மடங்கும்?

"கேலிபர்ல மாத்திக்கலாம்ல அண்ணா"ங்கிறான். கேலிபர் இ-புக் ஃபைல் வகைய மாத்துற சாஃப்ட்வேர், போட்டோல இருக்கறத எழுத்தா மாத்தாதுப்பா. கூகுள் டாக்ஸ் தமிழ் ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்தப் படிச்சு டைப் பண்ண எழுத்தா மாத்துறது) பண்ணும், ஆனா ர-வையும் துணைக்காலையும் போட்டுக் குழப்பும், 300 பக்கத்தத் திருத்த உக்காந்தா படிக்கிற ஆசையே போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க பிடிஎஃப போன்ல தொறந்து நல்லா ஜூம் பண்ணுங்க, எழுத்தோட ஓரம் பிசிறடிச்சா அது படம். வார்த்தை செலக்ட் ஆகுதேன்னு நம்பாதீங்க, சிலதுல அடியில ஓசிஆர் லேயர் ஒளிஞ்சிருக்கும். கையில இருக்கறது பெரும்பாலும் ஸ்கேன்தான்னா கிண்டில் ஸ்க்ரைப் மாதிரி 10 இன்ச்சுக்கு மேல இருக்கறதப் பாருங்க, விலை ஜாஸ்திதான், இல்ல வீட்ல கெடக்குற டேப்லெட்டே போதும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ்ங்கிற இலவச இ-புக் சைட்ல இபப், 6 இன்ச் பிடிஎஃப்னு தனித்தனியா போட்டு வச்சிருக்காங்க, அங்கயும் போய் ஏ4 இறக்குறவங்கள என்னன்னு சொல்றது.

மோபி தேடி அலையிறது

மோபி கிண்டிலோட பழைய ஃபைல் வகை. நம்ம ஃபைல கிண்டிலுக்கு அனுப்புற அமேசானோட சென்ட் டு கிண்டில் 2022-லயே இபப் வாங்க ஆரம்பிச்சிடுச்சு. விடுங்க.

லைட் இல்லாத பழைய மாடல்

செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வரும். கிண்டிலோட இ-இங்க் ஸ்கிரீன் தானா ஒளிராது, லைட் அணைச்ச பஸ்ல சும்மா கையில வச்சிட்டு உக்காந்திருக்கணும்.

32 ஜிபி

எதுக்கு?

கவர் இல்லாம பைக்குள்ள

நெறைய மாடல்ல ஸ்கிரீனுக்குள்ள மெல்லிசு கண்ணாடி இருக்கு. டிபன் பாக்ஸ் ஓரம் அழுத்துனா போதும், வெளிய ஒரு கீறல் இருக்காது, ஆனா பாதி ஸ்கிரீன் கோடு கோடா அப்படியே நின்னுடும். ஸ்கிரீன் மாத்த விலை கேட்டீங்கன்னா புதுசே வாங்கிடலாம்னு தோணும்.