ஈயக்குண்டு அச்சு: அரத்தை எடுக்கும் முன் குண்டைப் பாருங்கள்

தூண்டிலுக்கான ஈயக்குண்டுகளை வீட்டில் வார்க்கத் தொடங்குபவர்கள் பலர் முதல் நாளிலேயே சோர்ந்துபோகிறார்கள். குண்டு சுருக்கம் விழுந்து வருகிறது, ஓரத்தில் பிசிறு நிற்கிறது, அச்சை விட்டு வெளியே வர மறுக்கிறது. உடனே கை அரத்தைத் தேடுகிறது. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். என் முதல் அலுமினிய அச்சின் உள்முகத்தை நான் அப்படித்தான் அராவினேன். குறை இருந்ததோ சூட்டில். அராவிய இடத்தில் இன்றைக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் மெல்லிய தகடுபோல ஒரு சிறகு முளைக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் உருக்குவது காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகியதால் குழம்பிவிடாதீர்கள், காரீயம் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. உருக்கிய சட்டியும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் நுழையக்கூடாது. திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் கடந்துபோகும் இடத்தில் அடுப்பை வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, உலோகப் புகையைத் தடுக்கும் முகமூடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ எல்லாம் வேண்டும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே வேண்டாம். அதில் அமிலமும் இருக்கிறது, உருக்கும்போது நச்சு வாயுவும் எழும்.

முதல் படி, அச்சைக் கழுவுவது. புதிய அச்சில் எந்திர எண்ணெய் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். கழுவியதைவிட உலர்த்துவதில்தான் அதிகக் கவனம் தேவை. கீலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்தைத் தொட்டால் நொடியில் நீராவியாகி, ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். வெயிலில் காயவைத்த பிறகும், அடுப்பருகே வைத்து நன்றாகச் சூடேறவிடுங்கள்.

இரண்டாவது, சூடு. காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். 370 முதல் 400 வரை வைத்து ஊற்றினால் நன்றாக ஓடும். அதற்குமேல் ஏற்றினால் ஆவியும் கசடும்தான் கூடும். டயர் எடைக்கட்டிகளை (வண்டிச் சக்கரம் ஆடாமல் சுழல அதன் விளிம்பில் மாட்டும் சிறு எடைகளை) உருக்குபவர்களுக்கு இந்த எல்லை இன்னொரு வகையிலும் உதவும். அவற்றில் சில துத்தநாகத்தால் ஆனவை. துத்தநாகம் உருக ஏறத்தாழ 420 டிகிரி வேண்டும் என்பதால், அவை உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் உலோகம் கூழ்போலாகி அச்சை நிரப்பாது.

மூன்றாவது, குண்டைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது. முதல் ஐந்தாறு குண்டுகள் மேலெங்கும் சுருக்கமும் மழுங்கிய விளிம்புமாக வந்தால் அச்சு இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். அவற்றைச் சட்டிக்கே அனுப்பிவிட்டுத் தொடர்ந்து வார்த்துக்கொண்டே இருங்கள். அச்சு தானே சூடேறிவிடும். அச்சு சூடான பிறகும் சுருக்கம் போகவில்லையென்றால் குழிக்குள் எண்ணெய் மிச்சமிருக்கிறது. மறுபடி கழுவுங்கள். குண்டு பனி படிந்ததுபோல வெளுத்திருந்தால் சூடு கூடிவிட்டது. மீன்பிடிக்கு அதனால் குறையில்லை.

பிசிறு வந்தால் அச்சை ஆறவிட்டு, மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரு பாதிக்கும் நடுவே ஒளிக்கோடு தெரிந்தால், எங்கோ கடுகளவு ஈயம் ஒட்டியிருக்கிறது. பெரும்பாலும் பாதிகளை நேராகச் சேர்க்கும் முளைகளின் அடியில்தான் இருக்கும். அச்சைச் சூடாக்கி மூங்கில் குச்சியால் தள்ளினால் வந்துவிடும்.

சூடு சரியாக இருந்தும் ஒரு மூலை நிரம்பவில்லையா? அச்சின் உள்முகத்தில் முடி அளவுக்கு மெல்லிய கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை காற்று வெளியேறும் வழிகள். கீறல் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். அடைப்பைப் பல்குச்சியால் எடுங்கள்.

ஒட்டிக்கொள்ளும் குண்டுக்கு, அச்சின் கீல் பக்கம் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். இரும்பு படவே கூடாது. அப்படியும் வராவிட்டால் குழிக்குள் மெழுகுவர்த்திப் புகையை லேசாகப் படியவிடுங்கள். கரி தடித்தால் குண்டு சிறுத்துவிடும்.

எப்போது திறப்பது என்பதை ஊற்றுவாயே சொல்லும். ஊற்றியதும் கண்ணாடிபோல மின்னும் ஈயம், சில நொடிகளில் சட்டென மங்கி நடுவில் குழியும். உறையும்போது ஈயம் சுருங்குவதால் வரும் குழி அது. அதனால் ஊற்றுவாயில் சிறு குமிழாக மிச்சம் நிற்கும்படி ஊற்றுங்கள். இல்லாவிட்டால் குண்டுக்குள்ளேயே பள்ளம் விழும். மங்கிய பின்னும் சில நொடிகள் பொறுத்துத் திறங்கள்.

வேலை முடிந்ததும் கீலுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். குழிக்குள் அது வழியக்கூடாது. இரும்பு அச்சானால் துருப்பிடிக்காமலிருக்க முழுவதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். அடுத்த முறை மறக்காமல் கழுவிவிடுங்கள். கடைசிக் குண்டை வெளியே எடுக்காமல் அச்சிலேயே விட்டு மூடி வைப்பது என் வழக்கம். குழியின் விளிம்பு அடிபடாது. கசடை மூடியுள்ள தகரடப்பாவில் போட்டு, மேலே 'காரீயம்' என்று எழுதுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சோப்புப் போட்டுக் கைகழுவி, அந்தச் சட்டையைத் தனியே துவைக்கப் போட்ட பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள்.